பாய்லர் பஞ்சு

திருவண்ணாமலையில் பழைய கட்டடம் எதையாவது இடிக்கவேண்டும் என்றால் முதலில் அர்ஜுனனுக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். இடிப்பதற்கு ஆள் கிடைப்பது பெரிய காரியமில்லை. எந்தச் சுவரில் முதல் அடி விழவேண்டும், எதைக் கடைசிவரை தொடக்கூடாது, வெளியே வழவழவென்று இருக்கும் எந்த உத்தரத்தை உள்ளே கரையான் தின்று முடித்திருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் காரியம். ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் அர்ஜுனன் ஒருமுறை தனியாகப் போய்க் கட்டடம் முழுக்கச் சுற்றி வருவான். சுவரைத் தட்டிக் காது வைத்துக் கேட்பான். காரையை நகத்தால் கீறி விரலில் தேய்த்துப் பார்ப்பான். "பார்வை பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போனால், சொந்தக்காரர்கள்கூட வெளியிலேயே நின்றுகொள்வார்கள். இத்தனை வருஷத்தில் அவன் ஆட்களில் ஒருவன்கூடச் சுவர் விழுந்து செத்ததில்லை. அதில் அவனுக்குப் பெருமை உண்டு. வெளியே சொல்லிக்கொள்ளமாட்டான்.

கரண்டு வந்த பிறகு, நீராவியில் ஓடிக்கொண்டிருந்த நெல் மில்களும், மல்லாட்டை என்று அங்கே சொல்கிற நிலக்கடலை எண்ணெய் மில்களும் ஒவ்வொன்றாக மோட்டாருக்கு மாறின. மாற முடியாதவை மூடிக்கொண்டன. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் போளூர், செங்கம், கீழ்பென்னாத்தூர் என்று அந்த வட்டாரத்தில் அர்ஜுனன் பிரிக்காத பாய்லர் அறை இல்லை என்றே சொல்லலாம். பாய்லரின் மேலும் அதிலிருந்து போகும் பைப்புகளின் மேலும் சூடு வெளியே போகாமலிருக்க வெள்ளையாகத் தடித்த பூச்சு ஒன்று போட்டிருப்பார்கள். தொட்டால் காய்ந்த மாவு மாதிரி இருக்கும். பிய்த்தால் நார் நாராக வரும். பாய்லர் பஞ்சு என்று ஆட்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அதைத் தடியால் அடித்து உதிர்த்தால்தான் உள்ளே இருக்கும் இரும்பையும் பித்தளையையும் கழற்ற முடியும். விலைக்குப் போகாத சரக்கு என்பதால் பார்வை பார்க்கும்போது அர்ஜுனனின் கண் அதன்மேல் நின்றதே கிடையாது. சுண்ணாம்புத் தூசி கண்ணை எரிக்கும், சிமெண்டுத் தூசி தொண்டையை அறுக்கும். இது ஒன்றும் செய்யாது. மெத்தென்று வந்து தோளிலும் தலையிலும் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். மற்றவர்கள் கைபட்டால் பித்தளை வால்வுகளை நெளித்துவிடுவார்கள் என்று பாய்லர் வேலையை அவனே செய்வான். கூட, அவனிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த கண்ணாயிரம் மட்டும் நிற்பான்.

வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் சந்திரகலா அவனை வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

"ஊரு மண்ணையெல்லாம் வாரித் தலையில கொட்டிக்கினு வந்துட்டீங்க. அப்படியே நில்லுங்க, உள்ள வராதீங்க."

சட்டையையும் வேட்டியையும் அவிழ்த்து வாங்கி, புளியமரத்துத் தூரில் ஓங்கி ஓங்கி அடிப்பாள். பிறகு உதறுவாள். தண்ணீரை எட்டத்திலிருந்து சுமந்து வரவேண்டிய இடம் அது. தூசியோடு நனைத்தால் தண்ணீர் ஜாஸ்தி பிடிக்கும். உதறிவிட்டு நனைத்தால் கம்மியாக ஆகும். வெள்ளை வெள்ளையாகத் துணியிலிருந்து கிளம்பி அவள் முகத்தையும் முடியையும் மூடும். "எனக்கு இப்பவே நரைச்சிப் போச்சி பாருங்க" என்று சிரிப்பாள். மகள் உண்ணாமலை அந்த உதறல் முடிவதற்குள் அப்பனின் தோளில் ஏறிவிடுவாள்.

அந்த உண்ணாமலைக்குக் கல்யாணமாகிக் கீழ்பென்னாத்தூருக்குப் போய், கையில் ஒரு பிள்ளையும் வந்துவிட்டது. மருமகன் காசி அங்கே வேன் ஓட்டினான். மில்களும் ஏறக்குறைய முடிந்துபோய், அர்ஜுனன் பழைய வீடுகளையும் சத்திரங்களையும் இடித்துக்கொண்டிருந்தான்.

எண்பத்தைந்தாம் வருஷம் கார்த்திகைத் தீபம் முடிந்த கையோடு சந்திரகலாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பனி என்று நினைத்தார்கள். தை மாதத்தில் வலது விலாவில் வலி வந்தது. பால் கறக்கக் குனிந்தவள் எருமையின் மேல் சாய்ந்துகொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டவுனில் பார்த்த டாக்டர் காசநோயாக இருக்கும் என்று ஊசி போட்டார். தினமும் பஸ் ஏறிப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். ஊசி போட்டுப் போட்டு இடுப்பு கன்றிப்போனதே தவிர மூச்சு திரும்பவில்லை. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று விலாவில் பெரிய ஊசி குத்தி எடுத்தார்கள். இரண்டு வாரம் நன்றாக இருந்தாள். மறுபடியும் கோத்துக்கொண்டது. சித்திரை வெயிலில் காசி தன் வேனிலேயே அவளைப் படுக்கவைத்து வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

அங்கே படம் எடுத்தார்கள், விலாவிலிருந்து சதை கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று ஒரு டாக்டரம்மா கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சந்திரகலாவிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"நீங்க எந்த ஃபேக்டரியில வேலை செஞ்சீங்க?"

"ஃபேக்டரியா? நான் எங்கம்மா வேலைக்குப் போனேன்? ரெண்டு எருமை, வூடு, இவரு. இதான் என் ஃபேக்டரி."

"வீட்டுக்கு மேல என்ன? சிமெண்ட் ஷீட்டா?"

"கூர வூடும்மா. ஓலை."

டாக்டரம்மா சற்று யோசித்துவிட்டு அர்ஜுனனைப் பார்த்தாள். "நீங்க என்ன வேலை?" என்றாள். பழைய கட்டடம் இடிக்கிற வேலை என்று அவன் சொன்னதும் எழுந்து, "கொஞ்சம் வெளியே வாங்க" என்று வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

மில் இடித்ததுண்டா என்று கேட்டாள். பாய்லர் பிரித்ததுண்டா, பைப்புமேல் வெள்ளையாக நார் மாதிரி இருக்குமா என்று கேட்டாள். அர்ஜுனனுக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கோ வேலூரில் உட்கார்ந்திருக்கும் டாக்டருக்குப் பாய்லர் பஞ்சு எப்படித் தெரிந்தது? எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றான்.

"வேலை முடிஞ்சி அந்தத் துணியோடதான் வீட்டுக்கு வருவீங்களா?"

"ஆமாம்மா."

"யார் அதைத் துவைச்சது?"

"வேற யாரு, அவதான்" என்றான் அர்ஜுனன். "இத்தினி வருசத்துல ஒரு நாள்கூட வேற கை பட்டதில்ல. உதறித் தட்டி, பளிச்சினு வெச்சிடுவா."

பெருமையாகத்தான் சொன்னான். டாக்டரம்மா தரையைப் பார்த்தாள்.

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். அந்தப் பஞ்சுக்குக் கல்நார், ஆஸ்பெஸ்டாஸ் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத ஊசியாக உடைந்து மூச்சோடு உள்ளே போய்விடும். மூக்கில் துண்டு கட்டினால் போதாது, நனைத்து அடிக்காமல் எடுத்தால்தான் பறக்காது. உள்ளே போனது திரும்பி வராது. இருபது வருஷம், முப்பது வருஷம் சும்மா இருந்துவிட்டு ஒருநாள் வேலையைக் காட்டும். நுரையீரலைச் சுற்றியிருக்கிற சவ்வில் வந்திருக்கிற புற்று இது.

"எனக்கு ஒன்னும் இல்லியேம்மா" என்றான் அர்ஜுனன். "நான்தானே அடிச்சேன். எனக்குத்தானே வரணும்?"

"சிலருக்கு வருது, சிலருக்கு வர்றதில்ல. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது."

"மருந்து?"

"வலிக்குத் தரேன். நீர் சேரும்போது எடுக்கலாம்."

அவள் அதற்குமேல் ஏதாவது சொல்வாள் என்று அவன் நின்றுகொண்டே இருந்தான். அவள் அவன் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள்.

திரும்பும்போது வேனில் சந்திரகலா, "இன்னா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"நீர் கட்டிக்கினுகீதாம். எடுக்க எடுக்கச் சரியாப்பூடும்னாங்க."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அர்ஜுனன் வேலைக்குப் போவதை நிறுத்திக்கொண்டான். வந்து கூப்பிட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்றான். வேலைக்குக் கட்டுகிற வேட்டி சட்டைகளை ஒரு சாக்கில் திணித்து, ஊருக்கு வெளியே பாறை மறைவில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தான். வீட்டுக்குள் நுழையப்போனால் அவனுக்குப் புளியமரம்தான் கண்ணில் படும். அதன் தூரில் அடித்து அடித்து ஓர் இடம் வழவழப்பாகியிருந்தது. ஒருநாள் வெட்டிவிடலாம் என்று கோடாலியை எடுத்தான். எதற்கு வெட்டுகிறாய் என்று அவள் கேட்டால் என்ன சொல்வது என்று வைத்துவிட்டான்.

அவள் வேறு விதமாகக் கேட்டாள். உண்ணாமலை வந்திருந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போயிருந்த மத்தியான நேரம்.

"உங்க சட்டையெல்லாம் எங்க?"

"கிழிஞ்சி போச்சி."

"அந்த டாக்டரம்மா உங்கள வெளிய கூட்டினு போய்ப் பேசனாங்க. அன்னிலேர்ந்து நீங்க என் மூஞ்சியப் பாக்கறதில்ல. நான் செத்துப்போறதுன்னா எனக்குத் தெரிய வேணாமா?"

அர்ஜுனன் அவள் காலடியில் உட்கார்ந்தான். சொன்னான். டாக்டரம்மா சொன்ன அத்தனையையும், அவள் கேட்ட கேள்விக்குத் தான் பெருமையாகச் சொன்ன பதிலையும்கூட விடாமல் சொன்னான். திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் கேட்டது வேறு.

"உண்ணாமலைக்கு?"

"தெரியல கலா."

அப்போதுதான் அவள் அழுதாள். விலா வலித்ததால் வாய்விட்டு அழ முடியவில்லை. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள். தணிந்த பிறகு, திக்கித் திக்கிப் பேசினாள்.

"நீங்க வெள்ளையா வந்தா எனக்குச் சந்தோசமா இருக்கும். பெரிய வேல கெடச்சிருக்குது, ஒரு மாசத்துக்குக் கவலையில்லன்னு நெனச்சிக்கினே உதறுவேன். தூசியில்லாம வந்தாத்தான் பயம்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நமக்குத் தெரியல. தெரிஞ்சவங்களும் வந்து சொல்லல. விடுங்க."

விட முடியுமா? ஆனாலும் அன்றிலிருந்து அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

ஆனி மாதம் ராமதாஸ் ஆள் அனுப்பினார். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி மூடிக் கிடந்த எண்ணெய் மில்லை அவர் வாங்கியிருந்தார். அதை இடித்துவிட்டு லாட்ஜ் கட்டப்போகிறார். வெளிநாட்டுக்காரர்களும் பௌர்ணமிக் கூட்டமும் வருஷத்துக்கு வருஷம் பெருகிக்கொண்டிருந்த சமயம். அர்ஜுனன் முடியாது என்று சொல்லப்போனான். படுத்திருந்த சந்திரகலா தடுத்தாள்.

"போய்ப் பாருங்க. நீங்க போவலன்னா வேற ஒருத்தன் போவான். அவன் இன்னாத்தப் பாப்பான்?"

போனான். மில்லுக்குள் பழைய புண்ணாக்கு வாசனையும் வௌவால் நாற்றமும் கலந்து கிடந்தன. வழக்கமாக உள்ளே நுழைந்ததும் அவன் கண் மேலே உத்தரத்துக்குத்தான் போகும். இந்த முறை பாய்லர் அறையைத் தேடிப் போனான். இருட்டில் யானை படுத்திருப்பதுபோலப் பாய்லர் படுத்திருந்தது. மேலே அந்த வெள்ளைப் பூச்சு. எலி கடித்த இடத்தில் நார் தொங்கியது. அர்ஜுனன் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டான். அது போதாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள், ஆனாலும் கட்டிக்கொண்டான். கையில் ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு, பஞ்சு இருக்கிற இடத்துக்கெல்லாம் பக்கத்துச் சுவரிலோ தரையிலோ பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போனான். பாய்லரைச் சுற்றிப் போட்டான். சுவரைத் துளைத்துச் செக்குக் கூடத்துக்குள் போன பைப்புகள் நெடுகப் போட்டான். அடுப்பு வாய்க் கதவைச் சுற்றி அதே பஞ்சில் முறுக்கிய கயிறு இருந்தது. மூலையில் ஈரத்தில் இறுகிப்போன மூட்டைகள் கிடந்தன. புகைபோக்கியின் அடியிலும் இருந்தது.

முடித்துவிட்டு வாசல் பக்கம் வந்து திரும்பிப் பார்த்தான். கூடம் முழுக்கக் கரிக்குறி. இவ்வளவு இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. போளூர் மில்லில் எவ்வளவு இருந்திருக்கும்? செங்கத்தில்? கீழ்பென்னாத்தூரில், மகளைக் கட்டிக்கொடுத்த அந்த ஊரிலேயே, ரோட்டோரமாக இடித்துக் கொட்டிய அந்த வெள்ளைக் குவியலில் பிள்ளைகள் சறுக்கி விளையாடியது நினைவுக்கு வந்தது. அப்போது அவன் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு பீடி பிடித்தான். அர்ஜுனன் மில் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ராமதாஸ் கெட்டவர் இல்லை. அவன் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"மேஸ்திரி, ஒங்க வூட்டம்மாவுக்கு இப்படி ஆனதுல எனக்கும் வருத்தம்தான். ஆனா இது என்ன விஷமா? நாம உக்காந்துகீற எடத்துக்கு மேல பாருங்க." மேலே சாம்பல் நிற ஷீட் கூரை. "இதுவும் அதானே? பள்ளிக்கூடத்துக்கெல்லாம் இதத்தானே போடறாங்க?"

"ஷீட்டு ஒடையாத வரிக்கும் சும்மா கெடக்கும் சார். இது தொட்டாலே உதிருது. மொதல்ல இத மட்டும் தண்ணி ஊத்தி நனைச்சி, அடிக்காம அறுத்து எடுத்து, சாக்குல கட்டி ஆழமாப் பொதைச்சிடணும். அப்பறமா மத்த ஆளுங்கள உள்ள உடலாம். கொஞ்சம் நாள் ஜாஸ்தி ஆவும்."

"வர தீபத்துக்குக் கீழ்த்தளமாவது தெறக்கணும்னு இருக்கேன். மழை வேற வந்துடும். நாள்தான் மேஸ்திரி என்கிட்ட இல்ல."

வேலை கண்ணாயிரத்துக்குப் போயிற்று. கண்ணாயிரம் இப்போது தனியாக ஆட்கள் வைத்து இடித்துக்கொண்டிருந்தான். அர்ஜுனன் அவனை டீக்கடையில் பிடித்து எல்லாவற்றையும் சொன்னான். கண்ணாயிரம் கிளாஸை வைத்துவிட்டுச் சங்கடமாகச் சிரித்தான்.

"ண்ணா, நீ தொழில் கத்துக் குடுத்த ஆளு நானு. ஆனா உனக்கு வரவேண்டிய வேல எனக்கு வந்துட்ச்சேன்னு இப்படிக் கதை கட்டாத. நானும்தான் உன்கூட நின்னு அடிச்சேன். எனக்கு இன்னா ஆச்சி? உனக்குத்தான் இன்னா ஆச்சி?"

"நமக்கு ஆவல. கலாவுக்கு ஆச்சி."

"அடிச்சவனுக்கு ஒன்னும் ஆவலியாம், வூட்ல இருந்தவங்களுக்கு ஆச்சாம். நீயே சொல்லு, நம்பற மாதிரியா கீது?"

அவனுக்கே நம்பும்படியாக இல்லாத விஷயம்தான் அது.

வீட்டுக்கு வந்து சொன்னான். சந்திரகலா அப்போது படுக்கவும் முடியாமல், மூட்டை மேல் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தாள். "ஆம்பளைங்க கிட்ட உங்களால ஆவாது" என்றாள். "பாஞ்சாலைய வரச் சொல்லுங்க."

பாஞ்சாலை கண்ணாயிரத்தின் மனைவி. மறுநாளே வந்தாள், வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் போல. சந்திரகலாவைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவள் பார்த்திருந்த சந்திரகலா வேறு.

"வா, உக்காரு. கையக் குடு." சந்திரகலா அவள் கையை இழுத்துத் தன் வலது விலாவின்மேல் வைத்துக்கொண்டாள். "நான் மூச்சு இழுக்கறேன். ஏறுதா பாரு."

பாஞ்சாலை காத்திருந்தாள். "ஏறலக்கா."

"அந்தப் பக்கம் கல்லாப் போச்சி. இப்ப இந்தப் பக்கம் வை." இடது பக்கம் மட்டும் கோழிக்குஞ்சின் நெஞ்சு மாதிரி விடுவிடென்று ஏறி இறங்கியது. "இது ஒன்னுலதான் ஓடினுகீது."

பாஞ்சாலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ அழுவாத. நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. உன் புருஷன் சட்டைய யாரு உதறது?"

பாஞ்சாலை கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"நான்தாங்க்கா."

"உன் கொழந்தைங்க எங்க நிப்பாங்க அப்போ?"

பாஞ்சாலை பழத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அர்ஜுனன் வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவனைத் தாண்டிப் போகும்போது அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மில்லில் அடுத்த நாள் நடந்ததை ஊரே பேசியது. முந்தின நாளே வேலை தொடங்கிச் செக்குக் கூடத்துப் பைப்புகளில் பாதியை அடித்து முடித்திருந்தார்கள். பாய்லருக்கு வரும்போது பாஞ்சாலை வந்து பாய்லர் அறை வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள். போடி வீட்டுக்கு என்றான் கண்ணாயிரம். அவள் நகரவில்லை. ஆட்கள் சிரித்தார்கள். அவனுக்கு அவமானம் தாங்காமல் கையிலிருந்த தடியை ஓங்கினான்.

"அடி" என்றாளாம் பாஞ்சாலை. "அந்தப் பைப்ப அடிக்கறதுக்குப் பதிலா என்னிய அடி. அது உடனே தெரியும், ஆறிப்பூடும். வூட்டுக்கு வந்து என் புள்ளைங்களத் தூக்குவியே, அது ஆறாதாமே!"

மத்தியானம் கண்ணாயிரம் அடி அண்ணாமலைக்கு வந்தான். உள்ளே வரவில்லை. வேலிக்கு வெளியே நின்று, "ண்ணா, எப்படி நனைக்கறதுன்னு வந்து காட்டு" என்றான். மூட்டையில் சாய்ந்திருந்த சந்திரகலா போங்க என்று கையை ஆட்டினாள்.

அர்ஜுனன் போனான். மில் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து, பாய்லர் பஞ்சு ஊறி ஊறிக் கறுக்கும்வரை ஊற்றினார்கள். அடிக்காமல், கத்தியால் பாளம் பாளமாக அறுத்து ஈரச் சாக்கில் போட்டுக் கட்டினார்கள். பின்பக்கம் ஆள் உயர ஆழத்துக்குக் குழி தோண்டி இறக்கினார்கள். வேலை முடிந்ததும் எல்லாரையும் கிணற்றடியிலேயே குளிக்கவைத்து, துணியைத் தண்ணீரில் முக்கிய பிறகே வெளியே விட்டான். ராமதாஸ் வந்து பார்த்து, நாள் போகிறதே என்று புலம்பிவிட்டுப் போனார். தடுக்கவில்லை. இதெல்லாம் சரியாக நடந்தது. ஆனால் செக்குக் கூடத்தில் ஏற்கெனவே அடித்து உதிர்த்தது தரை முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. அதில் வந்தவர் போனவர் காலடியெல்லாம் பதிந்திருந்தது. அந்த இரண்டு நாளில் உள்ளே போனது யார் யாருக்கு எவ்வளவு என்று எந்த டாக்டரால் சொல்ல முடியும்? அர்ஜுனன் தண்ணீர் தெளித்து அதையும் கூட்டி அள்ளினான். சுவரில் அவன் போட்டிருந்த கரிக்குறிகளைப் பார்த்து, ஆட்கள் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

சந்திரகலா புரட்டாசியில் போனாள். கடைசி வாரம் பேச்சு இல்லை. மூச்சு மட்டும் வாயால் வந்து வாயால் போய்க்கொண்டிருந்தது. நெஞ்சை நிமிர்த்தி வைத்தால் கொஞ்சம் சுலபமாக இருக்கிறது என்று அர்ஜுனன் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் நெஞ்சின்மேல் அவளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டான். தன் மூச்சு அவ்வளவு தாராளமாக வந்துபோவது அவனுக்கு வெட்கமாக இருந்தது. அப்படியே சாய்ந்திருந்தபோதுதான் அவள் மூச்சு நின்றது. நின்றது தெரியாமல் அவன் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தான்.

காரியம் முடிந்து உண்ணாமலை ஊருக்குக் கிளம்பினாள். காசி முன்பே போய்விட்டிருந்ததால் அர்ஜுனன் பஸ் ஏற்றிவிடப் போனான். பஸ் ஸ்டாண்டில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றவள் திடீரென்று கேட்டாள்.

"பாஞ்சாலை அத்த எல்லாம் சொன்னாங்க. நைனா, சின்னதுல நீ வந்ததும் உன் தோள்ல ஏறுவேனே. அதுவும்தானா?"

இல்லை என்று சொல்லிவிட அவனுக்கு ஆசையாக இருந்தது. வேலூரிலிருந்து வரும்போது ஒரு தரம் அப்படிச் சொல்லி என்ன ஆயிற்று?

"ஆமாம்மா. அதுவும்தான்."

"எனக்கும் வருமா?"

"வராமயும் போவலாம். யாராலயும் சொல்ல முடியாதாம்."

உண்ணாமலையின் முகம் சிவந்தது. "நீ ஏன் நைனா அந்த வேலைக்குப் போன? ஊர்ல வேற வேலையே இல்லியா?" என்று கத்தினாள். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தோளில் இருந்த பிள்ளை விழித்துக்கொண்டு அழுதது. அர்ஜுனன் அதைத் தட்டிக்கொடுக்கக் கையை நீட்டிவிட்டு, நீட்டிய கையைத் தானே இழுத்துக்கொண்டான். பஸ் வந்ததும் அவள் சொல்லிக்கொள்ளாமல் ஏறிப் போனாள்.

லாட்ஜ் அந்த வருஷத் தீபத்துக்குத் திறக்கவில்லை. அடுத்த வருஷம்தான் திறந்தது. அர்ஜுனன் மறுபடியும் தொழிலுக்குப் போனான். வேறு தொழில் அவனுக்குத் தெரியாது. கட்டடத்தைப் பார்க்க உள்ளே போனால் உத்தரத்தைவிட்டு முதலில் பஞ்சையும் ஷீட்டையும் தேடினான். இருந்தால் நனைத்துத்தான் எடுப்பேன், நாள் பிடிக்கும் என்றான். அதைக் கேட்டுச் சிலர் சரி என்றார்கள். நிறையப் பேர் அவனை விட்டுவிட்டு வேறு ஆளைத் தேடிப் போனார்கள். அப்படிப் போன இடங்களில் தன்னால் ஆனது ஒன்றுமில்லை என்று அவனுக்குத் தெரியும். சில இடங்களில் வெளியே நின்று பார்த்துவிட்டு வருவான். கண்ணாயிரம் மட்டும் பாய்லர் உள்ள வேலை வந்தால் தானாகவே ஆள் அனுப்பினான்.

மகளின் கோபம் தணியப் பல மாதம் ஆயிற்று. தணிந்ததா, அவளுக்கே அலுத்துப்போயிற்றா என்று அவனுக்குத் தெரியாது. ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்குப் போவான். அவள் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒரு தரம் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தவள், தூசி பட்டு லேசாக இருமினாள். தலையைத் தூக்கிப் பார்த்தால் அப்பன் எழுந்தே நின்றுவிட்டிருந்தான்.

"ஒன்னும் இல்ல நைனா" என்றாள் உண்ணாமலை. "உக்காரு. சோறு ஆவட்டும், சாப்ட்டுப் போவலாம்."

அவன் உட்கார்ந்தான்.